சத்தம் கேட்காமல் போட்ட கையெழுத்து

என்னைப் பேசக் கூப்பிட்டவங்க ஒரு தலைப்பையும் கையில கொடுத்தாங்க. 'அறிவார்ந்த நகரம்: என் இனிய அனுபவங்கள்.' இனிய அனுபவம் வேணும்னா, ரிட்டயர் ஆன பிறகு கிள்ளான்ல என் வீட்டு முன்னாடி கறிவேப்பிலைச் செடி வளர்த்த கதையைச் சொல்லலாம். வேலைன்னு நினைச்சா எனக்கு முதல்ல வர்றது கோபம்தான். அதைத்தான் சொல்லப் போறேன். தேத்தண்ணியும் கறிப்பாப்பும் முடிஞ்சதும் நழுவலாம்னு இருக்கிறவங்க இப்பவே போயிடுங்க, எனக்கு வருத்தமில்ல.

நீங்க எல்லாம் மாநகர மன்றத்துல புதுசா சேர்ந்தவங்க. உங்க மேசைக்கு முதல்ல வரப்போறது ஒரு அட்டவணை. இடது பக்கம் விதிமுறை, வலது பக்கம் குத்தகைக் கம்பெனி எழுதின பதில். அந்தப் பதில் எப்பவும் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான். கம்ப்ளை. இந்தத் தரநிலைக்கு ஒத்துப்போகுமா? கம்ப்ளை. அடுத்த கம்பெனியோட கருவிகூடப் பேசுமா? கம்ப்ளை. நூறு வரி இருந்தா நூறு கம்ப்ளை. ஒருத்தராவது ஒரு இடத்துல 'தெரியல, பார்த்துச் சொல்றோம்'னு எழுதி நான் பார்த்ததில்ல. அதை வாங்கி ஃபைல்ல வெச்சுட்டு நிம்மதியா தூங்கினவங்கள்ல நானும் ஒருத்தி.

நான் சொல்லப் போறது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம், நடந்து போறவங்க ரோட்டைக் கடக்கிற ஒரு சாலைக் கடப்பைப் பத்தி. எந்தச் சாலை, எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. பெயர் சொன்னா அந்தக் கம்பெனியைத் திட்டிட்டு, நம்ம ஆபிஸ்ல அப்படி நடக்காதுன்னு வீட்டுக்குப் போயிடுவீங்க.

பிரிக்பீல்ட்ஸ்ல கண் தெரியாதவங்க நிறைய பேர் நடமாடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்காக அந்த டிராபிக் லைட் கம்பத்துல ஒரு சின்னச் சத்தப் பெட்டி இருக்கும். மெதுவா டொக், டொக்னு அடிச்சா நில்லு. வேகமா டக்டக்டக்னு அடிச்சா போ. முந்தி அது விளக்கோட ஒரே வயர்ல இருந்துச்சு. நடக்கிறவங்களோட பச்சைக்கு மின்சாரம் வந்தா வேகமா அடிக்கும், நின்னா மெதுவாயிடும். ஒரு சண்டையும் இல்ல.

அப்புறம் ஸ்மார்ட் சிட்டி வந்துச்சு. வண்டி கூட்டத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாத்திக்கிற புது விளக்கு. அதை ஒரு கம்பெனி போட்டுச்சு. சத்தப் பெட்டி இன்னொரு கம்பெனியோடது. இனிமே வயர் இல்ல, நெட்வொர்க்ல செய்தி போகும். விளக்கு 'போ'ன்னு ஒரு செய்தி அனுப்பும், பெட்டி வேகமா அடிக்கும். 'நில்லு'ன்னு அனுப்பினா மெதுவாயிடும். சரி, 'போ'ன்னு சொன்ன பிறகு நெட்வொர்க் அறுந்துட்டா? தரநிலையில அதுக்கும் ஒரு வரி இருந்துச்சு. செய்தி வராம போனா பெட்டி தானாவே 'நில்லு' சத்தத்துக்குத் திரும்பணும். ரெண்டு கம்பெனியும் அந்த வரிக்கு நேரே கம்ப்ளைன்னு எழுதியிருந்தாங்க. விளக்குக்காரன், அது பெட்டியோட வேலைன்னு நினைச்சு எழுதினான். பெட்டிக்காரன், அது விளக்கோட வேலைன்னு நினைச்சு எழுதினான்.

இதைச் சோதிக்க வேண்டியது நான். எங்க ஆபிஸ் மாடியில ஒரு மீட்டிங் ரூம்ல விளக்கையும் பெட்டிகளையும் மேசை மேல வெச்சோம். காலையில இருந்து டக்டக்டக், டொக் டொக், டக்டக்டக். பக்கத்து ரூம்ல மேலதிகாரிங்க கூட்டம். ரெண்டு தடவை கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாங்க. எனக்கும் தலை வெடிச்சுடும் போல இருந்துச்சு. நான்தான் சொன்னேன், "அந்த ஸ்பீக்கர் வயரைக் கழட்டுங்கப்பா, மனுஷன் யோசிக்க முடியல." கழட்டினாங்க. மிச்சச் சோதனையை எல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே முடிச்சோம். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினப்போ திரையில 'தொடர்பு இல்லை'ன்னு சிவப்பா வந்துச்சு. ஆஹா, சரியா கண்டுபிடிக்குதுன்னு எல்லாரும் தலையாட்டினோம். அந்த நேரம் மேசை மேல இருந்த பெட்டி எந்தச் சத்தத்துக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. சத்தப் பெட்டியைச் சத்தம் இல்லாம சோதிச்சோம். அன்னிக்குச் சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டேன்.

இதைச் சொல்லும்போது இப்பவும் எனக்கு என்னை அறையணும் போல இருக்கு.

ஆறேழு மாசம் கழிச்சு ஒரு காலையில, அந்தக் கடப்புல ஒருத்தரை மோட்டார் சைக்கிள் அடிச்சிடுச்சுன்னு தகவல் வந்துச்சு. பேரு குணாளன். நாற்பது வயசு இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்ல. பக்கத்துல ஒரு உடம்புபிடி நிலையத்துல மசாஜ் பண்றவர். வலது மணிக்கட்டு நொறுங்கிப் போச்சு. மசாஜ் பண்றவருக்கு அந்தக் கைதான் எல்லாம்.

எங்க துறைத் தலைவர் பதிவை எடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அடிபட்ட நேரத்துல விளக்கு சிவப்பு. 'நில்லு' செய்தி அனுப்பப்பட்டது, பக்கத்துல பச்சை டிக். அவ்வளவுதான், அறிக்கை ரெடி. 'பாதசாரி சிவப்பு விளக்கின்போது கவனமின்றிச் சாலையைக் கடந்தார்.' ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்கிட்ட படிச்சுக் காட்டி ஒரு வாக்குமூலம் வாங்கிட்டு வாங்கன்னு, மரியாதையா 'புவான்' போட்டு என்னை அனுப்பினாங்க. தமிழ் ஆளுக்குத் தமிழ் ஆள் போகட்டுமாம்.

கட்டிலுக்குப் பக்கத்துல அவர் மனைவி மல்லிகா உட்கார்ந்திருந்தாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. நான் அந்த வரியைப் படிச்சேன். குணாளன் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"சிவப்புன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது மேடம். டக்டக்னு சொன்னுச்சு. நான் போனேன்."

"அந்த நேரத்துல அப்படி அடிச்சிருக்காது. பதிவுல இருக்கு. சிஸ்டம் பொய் சொல்லாதுங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் கோபமா கேட்கல, அதுதான் சங்கடமா இருந்துச்சு. கட்டுப்போட்ட கையை மடியில தூக்கி வெச்சுக்கிட்டு நிதானமா சொன்னார். "கை போனா போகுது மேடம். ஆனா நான் கவனமில்லாம போனேன்னு எழுதாதீங்க. இருபது வருஷமா தனியா நடக்கிறேன். நீங்க இப்படி எழுதினா நாளைக்கு எங்க ஆளுங்க ஒருத்தரையும் வீட்டுல தனியா வெளிய விட மாட்டாங்க. பாரு, குணாளனே அடிபட்டான்னு சொல்லிப் பூட்டி வெச்சிடுவாங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் கையில இல்ல"ன்னேன். ஆபிஸ்ல முப்பது வருஷம் இருந்தா இந்தப் பேச்சு வாயில தானா வரும். எழுந்து வெளிய வந்துட்டேன்.

மல்லிகா பின்னாடியே நடைபாதைக்கு வந்து போனை நீட்டினாங்க. "அவரு அப்ப எனக்கு வாய்ஸ் மெசேஜ் பேசிக்கிட்டே நடந்திருக்காரு மேடம். போன் ரோட்டுல விழுந்திருக்கு. அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல பூக்கடை வெச்சிருக்கிற அக்கா எடுத்து, எனக்குத் தகவல் போகட்டுமேன்னு அனுப்பி விட்டிருக்காங்க. நான் ஒரு தடவைதான் கேட்டேன். மறுபடி கேட்க என்னால முடியல. நீங்க கேளுங்க."

கேட்டேன். மத்தியானம் சாப்பிட வரமாட்டேன், செராஸ்ல இருந்து ஒரு கஸ்டமர் வராருன்னு அவர் சாவகாசமா பேசுறார். பின்னாடி முதல்ல வெறும் வண்டிச் சத்தம், கடப்பு நெருங்குது. அப்புறம் டக்டக்டக். "சரி, போகச் சொல்லுது, கடக்கிறேன்"னு சொல்றார். தடி தரையில தட்டுற சத்தம். கொஞ்ச தூரம் போறார். ஹார்ன். ஒரு இடி. போன் உருண்டு போற சத்தம், ஆளுங்க கத்துறது, ஒரு பொம்பளை ஐயோ அண்ணேன்னு ஓடி வர்றது. இத்தனைக்கும் நடுவுல அந்தப் பெட்டி நிக்கல. டக்டக்டக். போ, போ, போ. மனுஷன் தரையில கிடக்கிறார், அது போன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.

ஆஸ்பத்திரி நடைபாதையில நான் அழுதேன். துக்கத்துல இல்ல, ஆத்திரத்துல. பதிவுல இருந்த பச்சை டிக்குக்கு அர்த்தம் 'அனுப்பினேன்'கிறது மட்டும்தான். போய்ச் சேர்ந்துச்சா, பெட்டி கேட்டுச்சான்னு அதுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த டிக்கைக் காட்டி ஒரு மனுஷனைப் பொய்யன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

மறுநாளே அந்தக் கடப்புக்குப் போனேன். விளக்குக் கம்பெனியில இர்பான்னு ஒரு இன்ஜினியர், நாகூர்க்காரர், வேலை விசாவுல வந்தவர். அவரைக் கூப்பிட்டேன். பாவம், தயங்கித் தயங்கித்தான் வந்தார். "தம்பி, வேகமா அடிக்கும்போது கேபிளைப் பிடுங்குங்க"ன்னேன். பிடுங்கினார். விளக்கு சிவப்புக்கு மாறிடுச்சு. பெட்டி மாறல. டக்டக்டக்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடைசியா வந்த செய்தியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது.

நாங்க ரெண்டு பேரும் திகைச்சு நிக்கிறோம், பூக்கடை அக்கா மல்லிச்சரம் கட்டிக்கிட்டே சொல்றாங்க, "இதென்ன புதுசா பார்க்கிற மாதிரி பார்க்கிறீங்க? மழை பெஞ்சா இப்படித்தான்லா கத்தும். நான் கடையில இருந்தா, நில்லுங்க நில்லுங்கன்னு சத்தம் போடுவேன். அன்னிக்கும் விடியக்காலை மழை, மாலை கட்ட ஆர்டர் வேற, உள்ளே இருந்துட்டேன்."

கேட்டுக்கோங்க. கோடி கோடியா கொட்டி ஒரு கட்டுப்பாட்டு அறை, சுவர் முழுக்கத் திரை. அதுக்குத் தெரியாத விஷயம் பூக்கடைக்குத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு இயந்திரத்துக்கு நடுவுல விட்டுப்போன ஒரு வரியை அந்தம்மா தொண்டையால நிரப்பிக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவங்க உள்ள போயிட்டாங்க.

இர்பான் குனிஞ்சு கேபிளை மாட்டிக்கிட்டே மெதுவா சொன்னார், "மேடம், நான் இதை எங்க ஆபிஸ்ல எழுதிக் கொடுத்தேன். நம்ம வேலை செய்தி அனுப்புறதோட முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. விசா அவங்க கையில இருக்கு. நான் என்ன பண்ண?" அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. விசா பயம் இல்லாமலே வாயை மூடிக்கிட்டு இருந்தவ நான்.

அப்புறம் கூட்டம். ரெண்டு கம்பெனியும் வந்தாங்க, ஆளுக்கொரு வக்கீலோட. விளக்குக்காரங்க, செய்தியை முறைப்படி அனுப்பினோம், தரநிலைப்படி சரின்னாங்க. பெட்டிக்காரங்க, வந்த செய்திப்படி அடிச்சோம், தரநிலைப்படி சரின்னாங்க. அப்ப செய்தி வராதப்போ? அது எங்க வேலை எல்லைக்குள்ள இல்லைன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. அவங்க கருவிங்கதான் பேசிக்கல, வக்கீலுங்க நல்லா ஒத்துப் பேசிக்கிட்டாங்க. ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போனார். "அந்தத் தரநிலை வெறும் வழிகாட்டி. கட்டாயம்னு சட்டம் எதுவும் சொல்லல."

உண்மைதான் சொன்னார். அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தரநிலைக் குழுவுல நான் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கேன். இதைக் கட்டாயமாக்குங்க, ரெண்டையும் சேர்த்து ரோட்டுல வெச்சுச் சோதிக்காம திறக்கக்கூடாதுன்னு துணைச்சட்டத்துல எழுதுங்கன்னு ஒருத்தர் சொன்னா, தொழில் பாதிக்கும், படிப்படியா பார்க்கலாம்னு நாலு பேர் சொல்வாங்க. நானும் மணியைப் பார்த்துட்டு, கொமுட்டர் ரயிலைப் பிடிக்கணுமேன்னு ஆமாம் போட்டுட்டு வந்திருக்கேன். வீட்டு ப்ளக் சரியில்லைன்னா கடையில விற்க விடமாட்டாங்க. மனுஷனை ரோட்டுல இறக்கிவிடுற பெட்டிக்கு மட்டும் விருப்பமிருந்தா செய்ங்கன்னு எழுதி வெச்சிருக்கோம்.

என் போனை மேசை நடுவுல வெச்சு, மல்லிகா எனக்கு அனுப்பியிருந்த அந்த மெசேஜைப் போட்டேன். டக்டக்டக் முடியிற வரைக்கும் போட்டேன். யாரும் யாரையும் பார்க்கல. அப்புறம் அந்த வக்கீல் கனைச்சுக்கிட்டு, "பக்கத்துல வேற பெட்டியோட சத்தமா இருக்கலாமே"ன்னார். "பக்கத்துல வேற பெட்டியே இல்ல. நீங்க அந்த இடத்தைப் போய்ப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். பார்க்கல.

கடைசியில என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? 'இரு அமைப்புகளுக்கிடையே தகவல் தொடர்புக் கோளாறு'ன்னு அறிக்கையை மாத்திக்கலாமாம். குணாளன் பேர்ல இருந்த குத்தம் போச்சு, சரி. ஆனா வேற யார் பேர்லயும் ஏறல. கோளாறு தானா வானத்துல இருந்து விழுந்த மாதிரி. நான் விடல. கீழ ஒரு வரி எழுதினேன். 'ஏற்புச் சோதனையின்போது ஒலிபெருக்கி கழற்றப்பட்டிருந்தது. கழற்றச் சொன்னதும் சோதனையை ஏற்றுக் கையெழுத்திட்டதும் நான்.' துறைத் தலைவர் என்னைத் தனியா கூப்பிட்டு, "புவான், ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தானே இருக்கு, எதுக்கு இது?"ன்னு கேட்டார். நல்ல மனுஷர்தான், என் நல்லதுக்குத்தான் கேட்டார். அந்த வரியை எடுத்தா நானும் கூடவே எழுந்து போயிடுவேன்னு சொன்னேன். வரி இருந்துச்சு. விளக்கக் கடிதம் கேட்டாங்க, எழுதிக் கொடுத்தேன். பதவி உயர்வு வரல. போகட்டும்.

அடுத்த கூத்தைக் கேளுங்க. பாதுகாப்புக்காகன்னு சொல்லி அந்த வட்டாரத்துல இருந்த எல்லாப் பெட்டியையும் அணைச்சுட்டாங்க. தப்பா சொல்ற வாயை மூடிட்டாங்களாம். ரெண்டு மாசம் கண் தெரியாதவங்க அங்க மோட்டார் சத்தத்தைக் கேட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. பூக்கடை அக்காவுக்குத் தொண்டை கட்டிப் போச்சு. இர்பானை வேற வேலைக்கு மாத்தி செமினி பக்கம் அனுப்பிட்டாங்க. உண்மை சொன்னவருக்குக் கிடைச்சது அது.

ரெண்டு மாசம் கழிச்சு, திருத்திட்டோம், வந்து கையெழுத்துப் போடுங்கன்னு கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க. மீட்டிங் ரூம்லயான்னு கேட்டேன். ஆமான்னாங்க. வர முடியாது, ரோட்டுக்கு வாங்கன்னேன். குணாளனையும் கூப்பிட்டேன். கட்டு அவிழ்த்துட்டாங்க, ஆனா மணிக்கட்டு திரும்பல. மசாஜ் போச்சு. அதே நிலையத்துல இப்போ போன் எடுத்து நேரம் குறிச்சுக் கொடுக்கிறார்.

அந்தப் பெட்டி இன்னிக்கு ஒழுங்கா வேலை செய்யுது, அதையும் சொல்லிடறேன். ஆனா நான் உங்ககிட்ட சொல்ல வந்தது அது சரியான நாளைப் பத்தி இல்ல. ரோட்டுல சோதிச்ச அந்த நாளைப் பத்தி.

காலை பத்து மணி. நல்ல வெயில். ரெண்டு கம்பெனி ஆளுங்களும் முதல் தடவையா ஒரே கம்பத்தடியில நின்னாங்க. ரோட்டுல ரெண்டு பக்கமும் ஆள் போட்டு வண்டியை நிறுத்தி வெச்சோம். எப்போ வேணும்னாலும் சொல்லாம கேபிளைப் பிடுங்குவாங்க, வேகச் சத்தம் உடனே மெதுவாயிடணும். அதான் சோதனை. தாளும் பேனாவும் என் கையில.

குணாளன் கேட்டார், "கையெழுத்து நீங்கதானே போடுறீங்க மேடம்?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க கடங்க. கண்ணை மூடிக்கிட்டு."

கம்பெனி ஆள் ஒருத்தர் சிரிச்சார். குணாளன் சிரிக்கல. நானும் சிரிக்கல. கண்ணை மூடினேன். டொக், டொக். அப்புறம் டக்டக்டக். இறங்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. இடது பக்கம் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கிட்டு நின்னுச்சு. நிறுத்தி வெச்ச வண்டிதான், எனக்குத் தெரியும். நாலு. முதுகெல்லாம் வேர்த்துடுச்சு. அஞ்சாவது அடியில கண்ணைத் திறந்துட்டேன். ஒரு நொடிதான். எல்லாரும் பெட்டியைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, என்னை யாரும் பார்க்கல. அப்புறம் அரைக்கண்ணால தரையைப் பார்த்துக்கிட்டே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். கைதட்டினாங்க. கேபிளையும் பிடுங்கினாங்களாம், சத்தமும் சரியா மாறுச்சாம், என் காதுல அது ஏறவே இல்ல. எல்லாம் கம்ப்ளை.

தாளைக் கம்பத்துல வெச்சுப் பேனாவைத் திறந்தேன். குணாளன் தடியைத் தட்டிக்கிட்டு மெதுவா ரோட்டைக் கடந்து என்கிட்ட வந்தார்.

"நடுவுல கண்ணைத் திறந்துட்டீங்க."

"இல்லையே"ன்னேன். அவர் காதால கேட்டதை நான் இல்லைன்னு சாதிக்கிறது ரெண்டாவது தடவை.

"செருப்புச் சத்தம் மாறுச்சே மேடம். அஞ்சு அடி வரைக்கும் தேய்ச்சுத் தேய்ச்சு வந்தீங்க. அப்புறம் ஆபிஸ்ல நடக்கிற மாதிரி நடந்தீங்க." குரல்ல குத்தம் சொல்ற தொனியே இல்ல. "தப்பில்ல, பயமாத்தான் இருக்கும். ஆனா உங்களுக்கே இன்னும் நம்பிக்கை வரலல்ல? பேனாவை உள்ள வைங்க."

உள்ள வெச்சேன்.